மூச்சு விட்ட மீட்டர்

நம்பாவிட்டால் போங்கள். ஆனால் இது நடந்தது. நள்ளிரவில்கூட இல்லை, பட்டப்பகலில், என் கையிலேயே நடந்தது.

பெயின்ட் கம்பெனியில் காலியான தின்னர் டேங்குகளுக்குள் இறங்கிக் கழுவுவது அக்காவின் வேலை. அவள் இறங்குமுன் உள்ளே ஆவி தங்கியிருக்கிறதா என்று மீட்டர் விட்டுப் பார்ப்பது என் வேலை. எண் காட்டும் பெட்டி என் கையில் இருக்கும். நீள வயரின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு சென்சார் தொங்கும். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று சூடாக வேண்டும். சூடேறினால்தான் அதற்கு மோப்பம் வரும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

அன்று நல்ல மழை. எங்கள் மீட்டரை சூப்பர்வைசர் எடுத்துப் போயிருந்தார். அலமாரி மூலையில் கிடந்த பழையதை எடுத்தேன். தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மழைக் குளிர் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே இறக்கினேன்.

“ஜீரோக்கா.”

அக்கா ஒரு காலை உள்ளே விட்டாள்.

எண் அசைந்தது.

நான்கு... ஒன்பது... நான்கு... பூஜ்யம்.

மறுபடியும்... நான்கு... ஒன்பது... நான்கு... பூஜ்யம்.

“அக்கா, இரு.”

“என்னடி, உன் மீட்டர் மூச்சு வாங்குதா?” சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படித்தான் இருந்தது.

உள்ளிருந்து ஒரு சத்தம்.

டொக்.

இரும்பை விரல் முட்டியால் தட்டுவது போல.

டொக்... டொக்...

எண் வேகமாக ஏறி இறங்கியது. மூச்சிரைப்பது போல.

அக்காவின் சிரிப்பு நின்றது.

அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

பூஜ்யம்.

வயரை இழுத்தேன். நுனியைத் தொட்டேன்.

ஈரம்... வெதுவெதுப்பு.

ஓடி வந்த சூப்பர்வைசர் தன் மீட்டரை உள்ளே விட்டார். அது வீறிட்டு அலறியது. டேங்க் முழுக்க ஆவி.

“இறங்கியிருந்தா பொணமாத்தான் தூக்கியிருப்போம்” என்றார்.

மறுநாள் ரிப்பேர் அண்ணன் பழைய மீட்டரைக் கழற்றினார்.

“கம்பி எரிஞ்சு அறுந்திருக்கு. இது சூடே ஆகாது. எங்க விட்டாலும் ஜீரோதான் காட்டும். இத யாரும்மா வெளிய எடுத்தது?”

“ஏண்ணே?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க அக்காவுக்கு முன்னாடி இருந்தவர் இதப் பாத்துட்டுத்தான் அதே டேங்குல இறங்கினார். தட்டித் தட்டிப் பாத்திருக்கார். மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. வெளிய எடுத்தப்போ... விரல் முட்டியில தோலே இல்ல.”