வாய்க்காலில் உட்கார்ந்த டிராக்டர்

பாசன வாய்க்காலின் படுகையில், பொதுப்பணித் துறை குறித்துக் கொடுத்த கடவு தவிர வேறெங்கும் வாகனம் இறங்கக்கூடாது. விதி இதுதான், குழப்பம் ஏதுமில்லை. எங்கள் பக்கத்துக் கடவு நெடுங்காட்டுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பாலம் இருந்தது. பாலம் விழுந்துவிட்டது, அதைப் பற்றிய எச்சரிக்கைப் பலகை மட்டும் நன்றாக நிற்கிறது. ஆக, விதியை மதிக்கிறவர்கள் அக்கரை வயலுக்குப் போக வழியில்லை. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி, கரை சரிந்த இடத்தில் இறங்கி ஏறுவார்கள்.

வளைகுடாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர், அங்கே சேர்த்ததைப் போட்டு ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார். வாடகைக்கு உழுவது தொழில். ஆவணியில் ஒருநாள் அந்த இடத்தில் இறங்கினார். போன வருஷம் இறங்கிய அதே இடம். ஆனால் இந்தக் கோடையில் வாய்க்காலைத் தூர்வாரி, எடுத்த மண்ணைக் கரையிலேயே குவித்திருந்தார்கள். இரண்டு மழையில் அந்த மண் கூழாகித் திரும்பவும் படுகைக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மேலே வெயிலில் காய்ந்த ஏடு, கீழே சேறு. டிராக்டரின் பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்து, அச்சுக்கூடு தரையில் உட்கார்ந்துவிட்டது.

என் வயல் அந்தக் கரையில்தான். குத்தகைக்கு விட்டுவிட்டேன் என்றாலும் காலையில் ஒரு நடை போய்ப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு நான் போனபோது, இழுக்க வந்த இன்னொரு டிராக்டர் கயிறு அறுந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஜேசிபிக்குச் சொல்லிப் பார்த்தார்களாம். அது திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தது, நாளைக்குத்தான் வருமாம்.

எனக்குச் சேற்றின் மேல் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. கைத்தடியைச் சக்கரத்தின் ஓரமாக இறக்கினேன். எளிதாக இறங்கியது. எடுக்கப் பார்த்தால் வரவில்லை. உள்ளே விடுவதற்குத் தடை சொல்லாமல், வெளியே விடுவதற்கு மட்டும் ஆயிரம் தடை சொல்லும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஆனாலும் மண் ஏன் அப்படிச் செய்கிறது என்று விளங்கவில்லை.

அப்போதுதான் லஸ்கர் மொபெட்டில் வந்தார். மதகைத் திறந்து மூடுகிறவர். எங்கள் ஊர் புதுச்சேரி ஆட்சிக்குள். மதகு இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். சம்பளமும் அங்கேதான்.

"என்ன பாய், இங்க போயி நிறுத்தியிருக்கீங்க? ஷட்டரத் தூக்கியாச்சு. மத்தியானத்துக்கு மேல தண்ணி வந்துடும்."

பாய் பானெட்டின் மேல் கையை வைத்தார். தண்ணீர் இடுப்பளவு வரும் வாய்க்கால் அது. கியர் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் வண்டி இந்தப் பருவத்துக்கு இல்லை. வண்டி இல்லையென்றால் அவர் திரும்பவும் விமானம் ஏற வேண்டியதுதான்.

"ஒரு நாளைக்கு மூடி வைங்களேன், தம்பி."

"மேலேர்ந்து ஆர்டர் வந்தா இப்பவே மூடுறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஆர்டர் வரும் வழி எனக்குத் தெரியும். எங்கள் பொறியாளருக்கு மனு. அவர் புதுச்சேரிக்கு, புதுச்சேரி சென்னைக்கு, சென்னை அவர்களுடைய பொறியாளருக்கு, அவர் பிரிவு அலுவலகத்துக்கு, அங்கிருந்து லஸ்கருக்கு. மனு கொடுப்பவனும் கடைசியாக அதைப் பெறுகிறவரும் ஒரே புளியமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தோம். இருந்தாலும் செல்பேசியிலேயே மனுவை எழுதினேன். பொருள், பார்வை, நகல் பெறுவோர் எல்லாம் முறைப்படி.

மாதா கோயில் தெருவிலிருந்து வந்து, கீழ்மடையில் குத்தகைக்குப் பயிர் செய்யும் ஒரு அம்மாள் கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணிய நிறுத்தச் சொல்லியா எழுதுறீங்க, சார்? என் நாத்து முத்திக்கிட்டு நிக்குது."

"ஒரு நாள்தான், அக்கா. அதுக்குள்ள ஏத்திடுவேன், இன்ஷா அல்லா," என்றார் பாய்.

"என் வயல உழறேன்னு சொன்னப்பவும் ஒரு நாள்தான்னீங்க. ஒரு வாரம் ஆச்சு."

லஸ்கர் சிரித்தார். பாயும் சிரித்திருப்பார், வேறு சமயமாக இருந்தால்.

நான் மனுவை அனுப்பினேன். பெறப்பட்டது என்று உடனே குறுஞ்செய்தி வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

பாய் பேட்டரியைக் கழற்றிக் கரையில் வைத்தார். இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னால் ஒரு பனந்துண்டைக் குறுக்கே போட்டுச் சங்கிலியால் சக்கரங்களோடு கட்டினார். சக்கரம் சுற்றினால் மரத்தைக் கீழே வாங்கி அதன்மேல் ஏறும் என்பது கணக்கு. பேட்டரியை மாட்டி முறுக்கிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை, வண்டியின் மூக்குதான் தூக்கியது. அணைத்துவிட்டு, மறுபடியும் பேட்டரியைக் கழற்றினார்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. முதலில் தண்ணீராக வரவில்லை. நுரை, சருகு, பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் சேர்ந்து மெதுவாக ஊர்ந்து வந்தன. பாய் சீட்டையும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

கணுக்காலளவு ஏறியதும் சக்கரத்தைச் சுற்றிக் குமிழிகள் வந்தன. நான் குனிந்து பார்த்தேன். சேற்றுக்கும் டயருக்கும் நடுவே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் வர மறுத்த கைத்தடியை அங்கேயே விட்டிருந்தேன். இப்போது தொட்டதும் கையோடு வந்தது. வண்டி ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டு அசைந்தது.

"பாய், புடி விட்டுடுச்சு," என்றார் அந்த அம்மாள்.

பாய் ஓடிப்போய்ப் பேட்டரியை மாட்டினார். மூக்கு தூக்காமலிருக்க முன்னால் கனம் வேண்டும் என்றார். லஸ்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் பம்பரில் ஏறி நின்றார், பக்கத்தில் அந்த அம்மாள். தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவர் புதுச்சேரி வாய்க்காலில் தனியார் வண்டிக்கு எடையாக நிற்கலாமா என்பதற்கு விதி கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

சக்கரம் மரத்தை உள்ளே இழுத்தது. வண்டி முழங்கால் உயரம் எழும்பி முன்னே போயிற்று. பின்னால் போய்விட்ட பனந்துண்டை அவிழ்த்து, முன்னால் போட்டுத் திரும்பவும் கட்டினார்கள். இன்னொரு தரம். அடுத்த உறுமலில் டிராக்டர் எதிர்ச் சரிவில் ஏறிக் கரையில் நின்றது. அம்மாள் பம்பரிலிருந்து குதித்து, தண்ணீரின் முனையை எட்டிப் பிடிக்கிறவர் போல வாய்க்கால் ஓரமாகவே நடந்து போனார்.

பாய் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை.

"நீங்க எழுதுனதுக்குப் பதில் வந்திருந்தா இந்நேரம் எங்க இருப்போம், சார்?"

"சேத்துலதான்," என்றேன்.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குக் கோப்பு எண் வேண்டும், எண் பதில் வந்தால்தான் தெரியும். அந்த மனு எந்த மேசையில் இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். பாய் அந்த டிராக்டரிலேயே சம்பாவுக்கு ஊரெல்லாம் உழுதார். அம்மாள் நட்டு, களையெடுத்து, அறுத்தும் முடித்தார்.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. தாங்கள் கோரியபடி மேற்படி வாய்க்காலின் ஷட்டர் மூடப்பட்டுள்ளது, டிராக்டரை உடனே அப்புறப்படுத்தி அறிக்கை அளிக்கவும் என்று இருந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மேட்டூர் அணையை வருஷ வழக்கப்படி மூடிவிட்டார்கள், எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன நாள், தை இருபத்தைந்து.