பஸ் எந்தத் தாளில் வரும்?

ஆராய்ச்சி மாணவன் வேலையில் படிப்பு கால் பங்கு, நடை முக்கால் பங்கு. கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிய சக பாவிகளுக்கு இது தெரியும்.

என் தலைப்பு, ஜவ்வாது மலையின் அரசியல் பொருளாதாரம். பல்கலைக்கழகத்திலோ அரசியலுக்கு ஒரு துறை, பொருளாதாரத்துக்கு ஒரு துறை. முன்னதன் கேள்விகளுக்கு மஞ்சள் தாள், பின்னதன் கேள்விகளுக்கு வெள்ளைத் தாள். ஒரே பதில் இரண்டிலும் வந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று என் பேராசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். உதவித்தொகை முடிய ஆறே மாதம். பயந்துகொண்டேதான் மலையேறினேன்.

முதல் வீடு

சின்னப்பொண்ணு அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தாளை எடுத்து, எதைப் பார்த்து ஓட்டுப் போட்டீர்கள் என்றேன். "பஸ்ஸு வுடுறேன்னாங்க, போட்டேன்" என்றார். சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

அடுத்து வெள்ளைத் தாள். சாமைக்கு என்ன விலை கிடைக்கிறது? தேர்தல் சமயத்தில் பஸ் வந்ததாம். மூட்டையை ஏற்றிப்போய் அடிவாரத்துச் சந்தவாசலில் நல்ல விலைக்கு விற்றாராம். தேர்தல் முடிந்தது, பஸ் நின்றது, வியாபாரி மேலே வந்து சொன்னதுதான் விலை. பஸ்ஸை எந்தத் தாளில் எழுதுவது? பேந்தப் பேந்த விழித்தேன்.

"இன்னா சார் முழிக்கிறீங்க? ரெண்டுலயும் எழுதிட்டுப் போங்க."

வியாபாரியின் வேன்

இறங்குவதற்கும் பஸ் இல்லை. அக்காவிடம் சாமை வாங்கும் அந்த வியாபாரியே, படவேட்டுக்காரர், வேனில் இடம் கொடுத்தார். நல்ல மனிதர், வழியில் டீயும் வாங்கிக் கொடுத்தார். இவராவது ஒரு தாளில் அடங்குவார் என்று நம்பி, மஞ்சளை நீட்டினேன். வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"ரோடு போட்டா என் டயருக்கு நல்லது. அதே ரோட்டுல பஸ்ஸு வந்துட்டா என் யாவாரம் போச்சு. நான் யாருக்குங்க ஓட்டு போடறது?"

பேராசிரியர் மலையேறினார்

நாற்பது வீடு முடிந்தது. நாற்பதிலும் பஸ் இரண்டு தாளிலும் உட்கார்ந்திருந்தது. "உனக்குக் கேட்கத் தெரியவில்லை" என்று பேராசிரியர் தானே கிளம்பி வந்தார். என் படிப்பு அன்றோடு சரி என்று நினைத்தேன்.

சின்னப்பொண்ணு அக்காவிடம் அவரும் மஞ்சளில் தொடங்கினார், வெள்ளைக்கு வந்தார், பஸ்ஸில் மாட்டிக்கொண்டார். பேனாவைத் திறந்தார், மூடினார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்தான், மறைக்க விரும்பவில்லை. அக்கா மெதுவாகக் கேட்டார், "சார் எதுல வந்தீங்க?" கார் என்றார் பேராசிரியர்.

"அதாங்க. கார்ல வர்றவங்களுக்கு ரெண்டு தாளு. மூட்டையோட நடந்து போறவங்களுக்கு ஒண்ணுதான்."

வாய்மொழித் தேர்வு

பேராசிரியர் திருப்பி அனுப்பாமல் கையெழுத்துப் போட்ட ஆய்வேட்டை, வெளியிலிருந்து வந்த பொருளாதாரத் தேர்வாளர் புரட்டினார். முகம் சுளித்தார். பஸ்ஸுக்கும் சாமை விலைக்கும் என்ன சம்பந்தம், இதை ஏன் என் துறைக்கு அனுப்பினீர்கள் என்றார். நான் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"சார், நீங்க ஜவ்வாது மலைக்குப் போனா எதுல போவீங்க?"

இப்போது நான் டாக்டர் ஆகிவிட்டேன், சின்னப்பொண்ணு அக்காவின் பஸ்தான் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கிறது.