அக்கா குறைக்க நினைத்த சொட்டு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத நல்லதுதான் இருக்கிறது. கெட்டது முழுக்க என்னுடையது.

காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டின் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் அக்கா. அப்பா சீக்கிரம் போய்விட்டதால், நர்ஸ் படிப்பு முடிந்ததும் குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தார். உத்திரமேரூர் வட்டாரத்தில் ஊர் ஊராக வேலை பார்த்தார். யாருக்கு மாத்திரை கொடுத்தாலும் பெயரைக் கேட்பார், சீட்டைப் பார்ப்பார், மறுபடி பெயரைக் கேட்பார். "தெனம் பாக்குற மூஞ்சிதானே சிஸ்டர்?" என்று அலுத்துக்கொள்வார்கள். அசதி என்று வந்து குளுக்கோஸ் பாட்டில் போடச் சொல்பவர்களிடம், "மின்ன இன்னா வியாதி இருந்துச்சு, இன்னா மருந்து சாப்ட்ட, மொதல்ல அத்த சொல்லு" என்பார். பாட்டில் போட்டாலும், கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணிவிட்டுத்தான் நகர்வார்.

நாற்பது வயதில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை, கீமோ எல்லாம் தாங்கிப் பிழைத்தார். அந்த மருந்து பல வருடம் கழித்தும் இதயத்தைப் பலவீனமாக்கலாம், வருடா வருடம் எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். ஒழுங்காகப் போய்க்கொண்டும் இருந்தார். நிறுத்தியது நான். அவர் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நேரம் அது.

"கேன்சர்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? கல்யாணம் முடியட்டும்க்கா. அந்த ஆஸ்பத்திரி ஃபைலு பீரோலயே கெடக்கட்டும்" என்றேன்.

"ஊரையெல்லாம் கேள்வி கேக்குறேன். என் வூட்ல வாய மூடிக்கினு கீறேன்" என்றார் அக்கா. மகளுக்காக ஒத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்தும் ஃபைல் வெளியே வரவில்லை, எக்கோவும் எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

போன வருடம் காய்ச்சல், ஓயாத வாந்தி. பேசக்கூடத் தெம்பில்லாத அக்காவை டவுனில் ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். முன்பு பெரிய வியாதி ஏதும் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். வாந்தி எடுத்து துவண்டு பூட்டாங்க. பாட்டில் போடுங்க" என்றேன்.

என் பேச்சை நம்பி வேகமாகவே ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டிலில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. இருமிக்கொண்டே கையைத் தூக்கி, குழாயில் சொட்டைக் குறைக்கும் சக்கரத்தைத் தேடினார். காய்ச்சல் வேகத்தில் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, கம்முனு படு" என்று அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து தூக்கிக்கொண்டு ஓடிய பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்மையைச் சொன்னேன். இதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது, அத்தனை நீரை அதனால் தாங்க முடியவில்லை என்றார்கள். மறுநாள் அக்கா போய்விட்டார்.

காரியத்தன்று சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தயா மறைச்சீங்க? சொல்லியிருந்தா நானே வருசா வருசம் கூட்டிக்கினு போயிருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்று வண்டி ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஓடிவந்து சொட்டை நிறுத்தி ஆக்சிஜன் வைத்த நர்ஸ் பெண்ணுக்கும், அக்காவின் மகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். என்னை யாரும் தேற்ற வேண்டாம். அக்காவின் கை கடைசி வரைக்கும் தன் வேலையைத்தான் செய்தது. அதைப் பிடித்து நிறுத்தியவன் நான்.