மூன்று மணிக்கு மேல் ஒரு சத்தியம்

ரஹ்மத்துல்லாவைச் செங்கல்பட்டு வக்கீல் சங்கத்தில் எல்லோரும் படிப்பாளி என்று சொன்னார்கள். மத்தியானம் கோர்ட்டு கலைந்து மற்றவர்கள் டிபன் கேரியரைத் திறக்கும்போது, அவன் மட்டும் நூலக அறைக்குப் போய்த் தடிமனான சட்டப் புத்தகம் ஒன்றை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "இந்தக் காலத்துப் பையன்களில் இப்படி ஒருத்தனா!" என்று பெரிய வக்கீல்கள் அவனைக் காட்டிக் காட்டித் தங்கள் ஜூனியர்களைத் திட்டுவார்கள். அந்தத் திட்டில் எனக்கும் பங்கு விழும். ஒரே அறையில் குடியிருந்த எனக்கல்லவா தெரியும் அவன் படிப்பின் ரகசியம்! மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் அந்த நேரத்தில் வேறு எங்கே போய் உட்காருவான்?

நான் ராமதாஸ். நானும் வக்கீல்தான், அவனைவிட ஒரு வருஷம் மூத்த வக்கீல். அதாவது ஒரு வருஷம் கூடுதலாகச் சும்மா இருந்தவன். 1955-இல் சின்ன நத்தத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கடையின் மாடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். எங்களைத் தேடி வந்த கட்சிக்காரர்களைவிட, கடை எங்கே என்று கேட்டுத் தவறி மாடியேறியவர்கள்தான் அதிகம். மெஸ்ஸில் இரவு ஒரு வேளைக்கு மட்டும் மாதக் கணக்கு. சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் ரஹ்மத்துல்லா கோட்டைக் கழற்ற மாட்டான். உள்ளே சட்டையில் முன்பக்கம் இருந்தது. முதுகுப் பக்கம் பெயருக்குத்தான் இருந்தது.

அவன் அப்பாவுக்குக் கடலோரக் கோவளத்தில் வளையல் கடை. அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் தொழிலில் கால் ஊன்றாவிட்டால் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊன்றுகிற ஆளா இவன்? எதை எடுத்தாலும் 'ஏன்' என்று குடைவான். கோர்ட்டு டவாலி ஏன் பெயரை மூன்று தரம் கூப்பிடுகிறான், இரண்டு தரம் கூப்பிட்டால் செல்லாதா என்று ஒரு நாள் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்துக்கு ஒரு கட்சிக்காரனைப் பிடித்திருக்கலாம்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் முன்சீப் முதல் கமிஷனைக் கொடுத்தார். ஒரு சத்தியத்தை நேரில் போய் வாங்கி வர வேண்டிய கமிஷன்.

வழக்கு இதுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில் கடலோரமாக ஒரு சிற்றூர். அங்கே செங்கம்மாள் என்று ஒரு விதவை. புருஷன் விட்டுப்போனது வேர்க்கடலை போடுகிற ஒரு துண்டு மணல் நிலமும் அதில் ஒரு கிணறும். புருஷனின் தம்பி சடையப்பன் அதில் ஏரைக் கட்டிவிட்டான். அண்ணன் சாவதற்கு முன் தன்னிடம் விலை வாங்கிக்கொண்டு வாய்ப்பேச்சாக நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றான். பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ஒரு நாள் செங்கம்மாள் கூண்டில் நின்றபடியே, "எங்க எல்லையம்மன் எதிர்ல கற்பூரத்த அணைச்சு இவன் சத்தியம் பண்ணட்டும் சாமி. பண்ணிட்டான்னா நான் நிலத்த வுட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சடையப்பன் உடனே சம்மதித்தான்.

அந்தக் காலத்தில் இது சட்டத்திலேயே இருந்தது. ஒரு கட்சிக்காரர் 'எதிராளி இன்ன சாமி முன்னால் சத்தியம் செய்தால் எனக்குச் சம்மதம்' என்று சொல்லி, எதிராளியும் ஒப்புக்கொண்டால், கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பும். குளித்து ஈரத் துணியோடு வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு முடிந்தது. மறுத்தால் கமிஷனர் அதையும் எழுதிக் கொடுப்பார், அது மறுத்தவருக்குப் பாதகம். அந்தப் பெண்பிள்ளையின் சோறு முழுக்க இப்போது ஒரு துண்டுக் கற்பூரத்தில் இருந்தது.

உத்தரவான அன்றே சடையப்பன் கோர்ட்டு வராந்தாவில் ரஹ்மத்துல்லாவைப் பிடித்தான்.

"வக்கீலய்யா, மூணு மணிக்கு மேல வெச்சிக்கலாங்களா?"

"ஏம்பா, காலையில இன்னா?"

"காலையில தோதுப்படாதுங்க. மூணு மணிக்கு மேலன்னா சவுரியமா கீது."

"பாப்போம்" என்று அனுப்பிவிட்டான். இரவு அறையில் உட்கார்ந்து யோசித்தான். மூன்று மணிக்கு மேல் என்றால் மத்தியானம் மாமல்லபுரத்தில் சாப்பிட வேண்டும், சடங்கு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும், தங்க வேண்டும். கமிஷன் பணமோ அறிக்கை கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். காலை முதல் பஸ்ஸில் போய் மத்தியான பஸ்ஸில் திரும்பினால் பஸ் செலவோடு போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை என்று இரண்டு பேருக்கும் நோட்டீஸ் எழுதினான்.

நானும் கூடப் போனேன். அறையில் உட்கார்ந்தாலும் பசிக்கும், கடற்கரையில் நின்றாலும் பசிக்கும், கடற்கரை மேல்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கி, சவுக்குத் தோப்புக்கு நடுவே மணலில் நடந்தோம். கடல் குளம் மாதிரி கிடந்தது. எல்லையம்மனுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கரை மேட்டில் ஒரு கல், அதன் மேல் மஞ்சள். ஊரில் பாதி வந்து நின்றிருந்தது. செங்கம்மாள் ஒரு தட்டில் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்து நீட்டினாள். "நான் கமிஷனர், கட்சிக்காரங்க கையால எதுவும் சாப்பிடக் கூடாதும்மா" என்றான் இந்த மகராசன். வெறும் வயிற்றோடு வந்தவன் பேசுகிற பேச்சா அது? நான் கமிஷனர் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சடையப்பன் மசமசவென்று நேரத்தைக் கடத்தினான். பூ வரவில்லை என்றான். குளிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவழியாக ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். ஓட்டுச் சில்லில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள். சுடர் அசையாமல் நேராக நின்றது.

"அண்ணன் எனக்கு நிலத்த வுட்டுக் குடுத்தாருன்னு சொல்லிக்கினே அணைக்கணும், சொல்லு" என்றான் ரஹ்மத்துல்லா.

சடையப்பன் கையைச் சுடருக்கு மேலே கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான். தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். கற்பூரம் எரிந்து தானாக அடங்கிவிட்டது.

செங்கம்மாள் முந்தானையை அவிழ்த்து இன்னொரு துண்டு எடுத்துச் சில்லில் வைத்தாள். "நெறைய வாங்கியாந்துகிறேன் தம்பி. நீ நிதானமா பண்ணு" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுவும் எரிந்து அடங்கியது. மூன்றாவதும் அப்படியே. மூன்று தரமும் அவன் கை நீண்டது, நின்றது, கண் கடலுக்குப் போனது.

"அணைக்க இஷ்டமில்லையா?" என்று கேட்டான் ரஹ்மத்துல்லா.

"இஷ்டமில்லன்னு எழுதிடாதீங்கய்யா! இப்ப வாணாம். பொழுது சாயட்டும், பண்றேன்."

"ஏன், பொழுது சாய்ஞ்சா இன்னா?"

அவன் மறுபடியும் கடலைப் பார்த்தான். ரஹ்மத்துல்லா நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டான்.

பஸ்ஸுக்குத் திரும்பி நடக்கையில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பசியை மறக்க நான் ஒரு பீடியை எடுத்துத் தீக்குச்சி கிழித்தேன். அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். அதுவும் அணைந்தது. "காத்து எடுத்துக்கிச்சு" என்று முணுமுணுத்தேன்.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ராமு, இன்னொரு குச்சி கிழி."

"குச்சி உங்கப்பன் கடையிலயா வருது?"

"கிழிடா!"

அதுவும் அணைந்தது. அவ்வளவுதான், வந்த வழியே மேட்டுக்கு ஓட ஆரம்பித்தான். நான் பஸ் போய்விடும், பஸ் போய்விடும் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மேட்டில் யாரும் இல்லை. சில்லருகே சிந்திக் கிடந்த கற்பூரத் துணுக்கைப் பொறுக்கிச் சில்லில் வைத்தான். நான் கையால் மறைத்துப் பற்றவைத்துக் கையை எடுத்ததுதான் தாமதம், 'அண்ணன் எனக்கு' என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் சுடர் போயிற்று. மறுபடி ஏற்றினோம். மறுபடியும் அதே.

மணலில் உட்கார்ந்து ரஹ்மத்துல்லா சிரித்தான். கோவளத்துக்காரன் அல்லவா, அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"மத்தியானத்துக்கு மேலதான் கடல் காத்து தெரண்டு வரும்டா. மூணு மணிக்கு மேலன்னா இதவிட பேய்த்தனமா அடிக்கும். அவன் கையக் கொண்டு போறதுக்குள்ள காத்து அணைச்சிடும், அவன் வாயால சொல்லிடுவான். கோர்ட்டுக்கு சத்தியம் ஆச்சு. அம்மன்கிட்ட, 'ஆத்தா, நான் அணைக்கல, காத்துதான் அணைச்சுது'ன்னு சொல்லிக்கலாம். என்னா மூளை பாத்தியா!"

"அப்ப இதையும் அறிக்கையில எழுது."

"இது நான் ஊகிச்சது. கண்டத மட்டுந்தான் எழுதணும்."

பஸ் போய்விட்டிருந்தது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடந்தோம். அவனை நான் வழி முழுக்கத் திட்டினேன். அவன் காது கொடுத்தால்தானே!

அறிக்கையைக் கொடுத்ததும் சடையப்பனின் வக்கீல் தணிகாசலம் ஆட்சேபணை போட்டார். தன் கட்சிக்காரர் மாலை நேரம் கேட்டிருக்க, கமிஷனர் தன்னிஷ்டத்துக்குக் காலையில் போனார். வாதி செங்கம்மாளோடு சேர்ந்து செய்த ஏற்பாடு இது. அறிக்கையைத் தள்ளிவிட்டுப் புதுக் கமிஷனரை மாலையில் அனுப்ப வேண்டும். இதுதான் அவர் வாதம். மாலையில் போனால் செங்கம்மாளின் நிலம் போய்விடும் என்பது அந்தக் கோர்ட்டில் சடையப்பனைத் தவிர எங்கள் இருவருக்குத்தான் தெரியும். ரஹ்மத்துல்லாவைக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீல் சங்கமே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது. படிப்பாளிப் பையன் மாட்டிக்கொண்டான் என்றால் பார்க்காமல் இருப்பார்களா?

தணிகாசலம் இங்கிலீஷில் கேட்டார். நேரத்தை ஏன் மாற்றினீர்? பஸ் வசதிக்காக என்றான் இவன், இங்கிலீஷிலேயே. பஸ் போனால் மாமல்லபுரத்தில் ஓட்டல் இல்லையா, தங்க இடம் இல்லையா? இவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். வாதி வீட்டில் காலை விருந்து காத்திருந்தது என்பதுதானே காரணம்?

சபையில் ஒரு சிரிப்பு ஓடியது. ரஹ்மத்துல்லா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்சீப்பைப் பார்த்தான். இங்கிலீஷிலேயே சொல்லி இருந்தால் கட்சிக்காரர்களுக்காவது தெரியாமல் போயிருக்கும். அவன் தமிழில் சொன்னான்.

"அந்தம்மா கொடுத்த வேர்க்கடலையக்கூட நான் தொடலீங்க. சாயங்காலம்னா மத்தியானம் ஓட்டல்ல சாப்பிடணும், ராத்திரி தங்கணும். எங்கிட்ட அதுக்குக் காசு இல்லீங்க. பஸ்ஸுக்குத்தான் இருந்துச்சு. நான் தெனமுமே மத்தியானம் சாப்பிடறதில்லீங்க. நூலகத்துல போய் உக்காந்துக்குவேன். அதனாலதான் காலையில போனேன். வேற காரணம் எதுவுமே இல்லீங்க."

சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. அவனைக் காட்டி என்னைத் திட்டிய பெரிய வக்கீல் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

முன்சீப் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு சடையப்பனை எழுந்து நிற்கச் சொன்னார். அவன் அதுவரைக்கும் வாய் திறந்தபடி ரஹ்மத்துல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டுப் போட்ட ஒருத்தர் இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"நீ கேட்டபடி மூணு மணிக்கே இன்னொரு நாள் வைக்கிறேன். அப்போது கற்பூரத்தை நீ அணைப்பாய் அல்லவா?"

"மூணு மணிக்கு நான் இன்னாத்துக்குங்க அணைக்கணும்? அதான் காத்து..."

அங்கே நிறுத்திக்கொண்டான். நிறுத்தி என்ன பிரயோசனம்? பின்வரிசையில் இருந்த கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல, சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார். முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டு, "மிச்சத்தையும் சொல்" என்றார்.

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "எழுதிக்குங்க சாமி. அண்ணன் எனக்குக் குடுக்கல. நிலம் அண்ணியோடது. காலையில அந்த நெருப்பு ஆடாம நின்னுது பாருங்க, என்னால முடியல." தூணோரம் நின்றிருந்த செங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

கூண்டிலிருந்து இறங்கி வந்த ரஹ்மத்துல்லா என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய், என் குரல் நடுங்கிச்சா?"

"நடுங்கிச்சு" என்றேன். "ஆனா கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சுடா."