பொறவு போட்டுக்கலாம்

ராஜபாளையத்தில் கல்லூரிப் பேராசிரியையான வெங்கடேஸ்வரி, முனைவர் பட்டத்துக்காக ஆறு வருஷம் ஒரே ஒரு புரதத்தின் பின்னாலேயே அலைந்தவள். செல்லுக்குள் அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இணைந்து புரதச் சங்கிலி நீளும்போது, ஒவ்வொன்று சேர்ந்ததும், புரதம் கோக்கும் பொறியான ரைபோசோமை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிடுவது அதன் வேலை. நீட்சிக் காரணி இரண்டு என்று பெயர். தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சு அதைத்தான் முடக்கும். நகர்வு நின்றால் சங்கிலி நிற்கும், செல் சாகும். இதை அவளைவிடத் தெளிவாகச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

சேத்தூரில் அவள் அண்ணன் மலைச்சாமிக்கு ஒரே மகள், மாடத்தி. பதினொன்றாம் வகுப்பு. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள்; போலீஸில் சேருவதென்று தீர்மானமாக இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அத்தைக்குப் போன் செய்தாள்.

“அத்தை, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வாராக. வெள்ளிக்கிழமை எனக்குப் போட்டி. ஊசி போட்டா காய்ச்சல் வருமாம்ல?”

“வந்தாலும் வரும். இப்ப வேண்டாம், விடு. பொறவு போட்டுக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

போட்டியில் மாடத்தி இரண்டாவதாக வந்தாள். தேர்வு, கல்லூரி வேலை என்று மாதங்கள் ஓடின. ஊசி மறந்தே போனது.

மறுவருஷம் ஐப்பசியில் மாடத்திக்குத் தொண்டைவலி. மழைக்காலக் காய்ச்சல் என்று நாலு நாள் மாத்திரையில் கழிந்தது. கழுத்து வீங்கிய பிறகே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தொண்டைக்குள் படர்ந்திருந்த சாம்பல் நிறப் படலத்தைப் பார்த்ததும் டாக்டர் கேட்டார்: “தொண்டை அடைப்பான் மாதிரி இருக்கு. பதினாறு வயசுல போடுற ஊசி போட்டாச்சா?”

“பள்ளிக்கூடத்துல போட்டிருப்பாக சார்,” என்றார் மலைச்சாமி.

“போடல,” என்றாள் வெங்கடேஸ்வரி.

நச்சுமுறிவு மருந்து ஏற்றினார்கள். செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட நஞ்சை அது தொடாதென்று அந்த அறையில் நின்ற உறவினர்களில் அவளுக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது வாரம் இதயம் தடுமாறியது. மாடத்தி பிழைத்துக்கொண்டாள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்திருந்தது. இனி ஓடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தை மாதம் வெங்கடேஸ்வரி சேத்தூருக்குப் போய் அண்ணனிடம் உடைத்துச் சொன்னாள். “அண்ணே, ஊசி வேண்டாம்னது நான்தான்.”

“படிச்சவளேன்னுதான அம்புட்டையும் உன்கிட்டக் கேட்டோம்,” என்றார் மலைச்சாமி. எழுந்து வயலுக்குப் போய்விட்டார். ஊசி போட்டிருந்தாலும் நோய் வந்திருக்காதென்று உறுதி சொல்ல முடியாது என மதுரை டாக்டர் சொன்னதை அவள் வாய்வரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டாள்.

மாடத்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். “செத்த செல்லு திரும்ப வராதா அத்தை?”

“மத்த இடத்துல வரும் தாயி. இதயத்துல வாரது ரொம்பக் கம்மி.”

மாடத்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவள் பி.காம். படிக்கிறாள். மலைச்சாமி தங்கை வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், மழையைப் பற்றிப் பேசுவார். மகளுக்கு ஒரு தலைவலி என்றால்கூடத் தங்கையிடம் கேட்பதில்லை.