வண்டிக்கு வைத்த எலாஸ்டிக்

அந்த ஸ்போர்ட்ஸ் காரின் புது மாடல் வரப்போகிறது என்று முதன்முதலில் செய்தி வந்தபோது என் நண்பனுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு வரும் என்றார்கள். பொங்கல் போனது, சித்திரை என்றார்கள். பிறகு ஏதோ சாமான் கிடைக்கவில்லை என்றார்கள். இதற்கு நடுவில்தான் கோயமுத்தூர் டாக்டர் அவனுடைய விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது, நிறுத்துவதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். நாசமாய்ப் போன கம்பெனி இன்னொரு தடவை தேதியைத் தள்ளினால் இவன் அந்த வண்டியைப் பார்க்காமலே போய்விடுவானே என்று எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு காருக்கா இத்தனை என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே அந்த வண்டிக்கு அடிமை. வாங்கும் யோக்கியதை இந்த ஜென்மத்தில் கிடையாது என்று எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அவினாசி ரோட்டில் பழைய மாடல் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மொபெட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கித் துரத்திப் பார்த்தோம். புகைகூடக் கிடைக்கவில்லை. அதன் எஞ்சின் சத்தத்தைப் பற்றி அவன் வருஷக்கணக்கில் பேசினான்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் இருக்கிறது. ஜட்டி, பனியன் தைத்துக் கொடுக்கிறோம். ஜட்டிக்கு எலாஸ்டிக் வைப்பது அவன் வேலை. கண் இப்படி ஆனபிறகு என் பைக்கின் பின்னால்தான் வருவான், போவான். சாயங்காலம் அருள்புரம் பேக்கரியில் எங்களைப் போல வண்டிப் பைத்தியங்கள் நாலைந்து பேர் கூடுவோம். வரிக்குதிரை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி உருவத்தை மறைத்த அந்தப் புது வண்டியை ஏதோ ஒரு தேசத்தில் ஓட்டிப் பார்க்கும் வீடியோ வரும். அதை வைத்துக்கொண்டு டீ ஆறிப்போகும்வரை சண்டை.

"பின்னால ரவுண்டு லைட்ட எடுத்துட்டாங்கன்னா அப்புறம் அது என்ன வண்டிங்க?" என்று சாயப்பட்டறை லாரி ஓட்டுகிறவர் அழாத குறையாகக் கேட்பார்.

"எடுக்க மாட்டாங்க. எடுத்தா அவங்களுக்குச் சோறு எறங்காது," என்பான் இவன்.

திரும்பி வரும்போது நான் தினமும் கேட்பேன், "தெரியுதாடா?"

"நடுவுல தெரியுது மாப்ள. குழாய்க்குள்ள பாக்கற மாதிரி. அது போதும்டா, வண்டி நடுவுலதான நிக்கும்."

சிரிப்பான்.

கடைசியில் தேதி வந்தது. கோயமுத்தூர் ஷோரூமில் அறிமுக விழா, அழைப்பு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லார் காலையும் பிடித்துப் பார்த்தேன். ஒருத்தரும் மசியவில்லை. அப்போதுதான் பேக்கரியில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. வண்டியை மூடிவைத்து, ஆட்டம் பாட்டத்தோடு இழுத்து எடுப்பார்களே, அந்தத் துணியைத் தைக்க விழாவை நடத்திக் கொடுக்கும் விழாக்காரர் ஒருவர் திருப்பூரில் ஆள் தேடுகிறாராம். அடுத்த அரைமணியில் நான் அவர் முன்னால் நின்றேன்.

"கூலி வேண்டாங்க. ரெண்டு பேர உள்ள உடுங்க, அது போதும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க, வாங்க," என்றார்.

இழுத்தால் நீளும் நல்ல கறுப்பு லைக்ரா துணி. நீளம், அகலம், உயரம் எல்லாம் அவரே கொடுத்தார். அளவைச் சொன்னதும் என் நண்பன் துள்ளிக் குதித்தான். "மாப்ள, உயரம் கொறஞ்சிருக்குடா! தரையோட படுத்துக்கிட்டுப் போகும்டா!" உலகத்தில் இன்னும் யாரும் பார்க்காத வண்டியின் அளவு எங்கள் டேபிளில் கிடந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நான்தான் தைப்பேன் என்று அவன் அடம்பிடித்தான். ஊசிக்கு நூலை மட்டும் பக்கத்து மெஷின்காரம்மாவிடம் கோத்துத் தரச் சொன்னான். பாக்கியெல்லாம் விரலாலேயே தடவித் தடவித் தைத்தான். தையலில் ஒரு சுருக்கம் கிடையாது.

விழா அன்று இருவரும் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் எங்கள் துணிக்குள் வண்டி நின்றது. முந்தின நாள் மாட்டியவர்கள், "அடடா, என்ன கச்சிதங்க," என்று பாராட்டினார்களாம். கெட்டியாகப் பார்த்துக்கொள்ளடா, விடாமல் பார்த்துக்கொள்ளடா என்று மனசுக்குள் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இசை இடித்தது, புகை கிளம்பியது. இரண்டு பெண்கள் முன்னாலிருந்து துணியை இழுத்தார்கள். துணி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிறகு கையிலிருந்து நழுவி சப்பென்று வண்டிமேலேயே போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார்கள். மறுபடி சப்பென்றது. கூட்டம் சிரித்தது.

விழாக்காரர் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "ஏனுங்க, கீழ சுத்தியும் எலாஸ்டிக் வெச்சிருக்குது! யாருங்க வெக்கச் சொன்னது?"

"வெக்காம எப்படிங்க உடறது? தொங்குமல்லங்க?" என்று என் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அட கெரகமே! வாய் அகன்ற எதைத் தைத்தாலும் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தே பழகிய ஊர். அவன் வைத்தான், செக்கிங்கில் இழுத்துப் பார்த்து நல்ல பிடி என்று பாஸ் செய்தார்கள், நானும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். இது இழுத்து எடுக்கிற துணி என்று தெரிந்தும், தைக்கும்போது எங்களில் ஒருத்தருக்கும் அந்த ரோசனை போகவில்லை.

"தெச்சது நானுங்க. நானே எடுத்துக் குடுக்கறேன்," என்று என் நண்பன் எழுந்தான்.

என் தோளில் கை வைத்துக்கொண்டு மேடை ஏறினான். முன் பம்பருக்கு முன்னால் மண்டி போட்டு, அடியில் கைவிட்டு எலாஸ்டிக்கை விடுவித்தான். அப்படியே நகர்ந்து சக்கர வளைவு, கதவின் அடி, பின் சக்கரம் என்று ஒவ்வோர் இடமாகப் போனான். ஒரு கை எலாஸ்டிக்கை எடுக்க, இன்னொரு கை வண்டியை விட்டு எடுபடவே இல்லை. "மாப்ள, பின் சக்கரத்துக்கு மேல தோள அகலமாக்கிட்டாங்கடா," என்று கிசுகிசுத்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்து, "ரவுண்டு லைட்டு இருக்குடா! எடுக்கலடா!" என்றான். கூட்டம் கை தட்டி அவசரப்படுத்தியது. விழாக்காரர் பல்லைக் கடித்தார். அவன் யாருக்காகவும் அவசரப்படவில்லை.

கடைசிப் பிடியும் விட்டதும் துணி சரசரவென்று அவன் கைக்கு வந்தது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. கூட்டம் கத்திய கத்தலில் காது அடைத்தது. எத்தனை நாள் ஏக்கம், இதோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நல்லவேளை, பார்த்துவிட்டான், பார்த்துவிட்டான் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் என் பக்கம் சாய்ந்து காதோரமாகக் கேட்டான். "என்ன கலரு மாப்ள?"

எனக்குப் பொக்கென்று போனது. "உனக்குத் தெரியலையாடா?"

"கம்முனு இரு, கத்தாத. வெளிச்சம் தெரியுது. அவ்வளவுதான்."

"எப்ப இருந்துடா?"

"ஆடி நோம்பிக்கு முன்னாலயே போச்சு. சொல்லியிருந்தன்னா நீ என்ற கிட்ட இந்த வண்டியப் பத்திப் பேசறதையே உட்டிருப்பீல்ல. பாவம்னு வேற பேச்சு பேசியிருப்ப." துணியை மார்போடு சேர்த்துக்கொண்டான். "அழுவறத அப்புறம் அழு. கலரச் சொல்லு."

"மஞ்சள்டா," என்றேன்.

"வெறும் மஞ்சள்னா? ஒழுங்காச் சொல்லுடா," என்று அதட்டினான்.

அழுதுகொண்டே, முன் விளக்கிலிருந்து ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.