பெருமாள் கேட்ட கேள்விகள்

உள்ளறையில் டெலிபோன் வயரோடு இணைத்திருந்த மோடம் கிறீச்சிட்டது. அடுப்படியில் ரவை வறுத்துக்கொண்டிருந்த சரஸ்வதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். காலையிலிருந்து சேலத்து இன்டர்நெட் நம்பரைக் கணினி தானாகவே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. பதினோராவது முறைதான் லைன் கிடைத்திருக்கிறது. மேகம் இறங்குவதற்குள் வந்த கடிதங்களை எடுத்துவிட வேண்டும். இறங்கிவிட்டால் ஏற்காடு மலையில் இந்த வெள்ளக்கடைப் பக்கம் டெலிபோன் ஊமையாகிவிடும்.

"யக்கா, அந்தப் பொட்டிக்கு வயித்து வலியா? ஊடே அதிருது!" பக்கத்து வீட்டிலிருந்து குப்பாயி கத்தினாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள்.

"வலி இல்ல, பிரசவம். கடுதாசி பொறக்குது."

"உனக்கு எழுத யாருக்கா இருக்காங்க?"

குப்பாயி விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் சரஸ்வதிக்கு அன்று முழுவதும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. கணவர் பெருமாள் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், விஷக்காய்ச்சலோடு சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், பதினேழாவது கொண்டை ஊசி வளைவில், அவள் மடியிலேயே கண்ணை மூடினார். அவருடைய வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். ஆபீஸுக்குப் புதுக் கணினி வந்தபோது பழையதை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். அவர் விரல் பட்டுத் தேய்ந்த பொத்தான்கள் அதில் இருந்தன. அதை எப்படி அடுத்தவரிடம் விட மனம் வரும்?

அந்தப் பழைய இயந்திரம் புது மென்பொருள் எதையும் தாங்கவில்லை. நாரை மட்டும்தான் அதில் ஓடியது.

நாரை ஒரு லினக்ஸ் தொகுப்பு. கணினியை இயக்கத் தேவையானதையெல்லாம் ஒரே சிடியில் அடுக்கித் தருவார்கள். அதற்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. பெங்களூரிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருந்த சிலர் வேலை முடிந்த நேரத்தில் சேர்ந்து செய்தார்கள். கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். பழுது என்றால் ஓடிவர ஆள் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். தெரிந்தவர் பதில் சொல்வார். அந்தப் பதில்களைப் படித்துப் படித்தே சரஸ்வதி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

போன வருஷம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்று தனிக் குழு தொடங்கியபோது முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். ஒரு மாதம் முழுக்க மௌனம். ஆள் நிறைந்த வீட்டில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது அவளுக்கு. தனியாக இருப்பவளுக்குத்தான் தெரியும், அது எத்தனை கொடுமை என்று.

கேட்கக் கூச்சப்படாத ஒரே ஒரு மனிதரைத்தான் அவள் அறிவாள். அந்த மனிதர்தான் இல்லை.

அந்த மாத முடிவில் அவள் ஒரு காரியம் செய்தாள். பெருமாள் என்ற பெயரில் புது முகவரி ஒன்றைத் தொடங்கி, ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். "ஐயா, நான் ஏற்காட்டில் ரைட்டர். நேற்று சுவிட்சைத் தட்டி கம்ப்யூட்டரை அணைத்தேன். இன்று அது அரைமணி நேரம் வரிவரியாகத் திட்டிவிட்டுத்தான் எழுந்தது. இதனிடம் சொல்லிக்கொள்ளாமல் அணைக்கக் கூடாதா?"

மறுநாள் சரஸ்வதியாகப் பதில் எழுதினாள். பொறுமையாக, கட்டளை கட்டளையாக. மூன்றாம் நாள் நாமக்கல்லிலிருந்து ஒருவர் எழுதினார்: "எனக்கும் இதேதாங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு." பிறகு அடைமழைதான். முப்பத்தெட்டு முந்நூறானது. எங்கு பார்த்தாலும் பெருமாளைத்தான் பேசினார்கள். "பெருமாள் அண்ணனே கேட்டுட்டாரு, நான் கேட்டா என்ன?" என்று தொடங்காத கடிதம் குறைவு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. வாரம் இரண்டு முறை பெருமாள் கேட்டார். சரஸ்வதி பதில் சொன்னாள். அந்த இரண்டு நாள் மட்டும்தான் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இப்போது வந்திருந்த கடிதம் ஜேசுதாஸ் எழுதியது. சேலத்துப் பையன், பெங்களூரில் வேலை, நாரையின் உறுப்பினர். உறுப்பினர் கை வைத்தால்தான் சிடியில் எதுவும் மாறும். அவள் சரிசெய்த பழுதுகளெல்லாம் இதுவரை அடுத்தவர் கையால்தான் உள்ளே போயின. அவளை உறுப்பினராக்க எல்லோருக்கும் சம்மதம். ஒரே ஒரு விதிதான் பாக்கி. ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து, முகத்தையும் சர்க்கார் அட்டையையும் ஒப்பிட்டு, கணினியில் அவள் கையெழுத்தாக நிற்கும் ரகசியச் சாவியின் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் ஆளைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அக்கா. பெருமாள் அண்ணனையும் வரச் சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வரியை அவள் இன்னொரு முறை படித்தாள்.

ஞாயிறு பகல் பஸ்ஸில் ஜேசுதாஸ் வந்து இறங்கினான். ஒல்லியான உருவம், முப்பது வயதிருக்கும். அவள் ஐந்து கறி வைத்திருந்தாள். அந்த வீட்டில் இரண்டாவது இலை விழுந்து எத்தனை காலம்!

"ஏனுங்க்கா, இத்தனையும் எனக்கா? திரும்ப நாலு மணி பஸ்ல மூட்டையாத்தான் ஏத்தோணும்."

"தின்னு சாமி. மெயில்ல சோறு போட முடியுமா?"

சாப்பிட்டதும் அவன் குரல் மாறியது. ஏதோ பரீட்சை அதிகாரி போல நிமிர்ந்து உட்கார்ந்தான். "கார்டு குடுங்க்கா."

வாக்காளர் அட்டையை நீட்டினாள். "போட்டோல திருடி மாதிரி இருப்பேன், பயந்துக்காதே."

"எல்லாரு கார்டும் அப்படித்தானுங்க." ஆனால் சிரிக்காமல் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவள் தன் சீட்டிலிருந்து சாவியின் நீண்ட எண்ணை நான்கு நான்காகப் படித்தாள். அவன் தன் சீட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டான். கடைசி டிக் விழுந்ததும் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சுதுங்க. ஊருக்குப் போய் என் மெஷின்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிருவேன். அண்ணன் எங்கீங்க?"

சரஸ்வதி தன் சீட்டை மடித்தாள். "அவரு... இல்ல."

"வெளியூரா? அடடா. அவருக்குன்னே ஒரு சேதி வச்சிருந்தேன். கேள்வி கேக்கறவங்களையும் உறுப்பினராச் சேக்கோணும்னு போன வாரம் ஓட்டுப் போட்டோம். முதல் பேரு அவருதானுங்க." அவன் கொஞ்சம் யோசித்தான். "பரவால்ல. நீங்கதான் உறுப்பினராகப் போறீங்களே. ஒரே ஊரு, நேர்ல பாக்கறீங்க. நீங்களே அவருக்குக் கையெழுத்துப் போட்டுருங்க. உங்க முதல் கையெழுத்து அண்ணனுக்கு!"

அவள் பார்வை சுவருக்குப் போனது.

ஒரே ஒரு கையெழுத்து. போட்டுவிட்டால் அவர் இருப்பார். நாரை போகும் ஊரிலெல்லாம், அத்தனை சிடியிலும், உறுப்பினர் பட்டியலில் ஏற்காடு பெருமாள் என்று இருப்பார். மரணம் எடுத்துப்போனதை அவள் கையாலேயே திருப்பி வாங்கிவிடலாம். யாருக்குத் தெரியும்? எவர் மலையேறி வந்து பார்க்கப் போகிறார்?

ஆனால் எதிரே இருந்தவன் பெங்களூரிலிருந்து மலையேறி வந்து பார்த்திருக்கிறானே. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தக் கண்களில்தான் எத்தனை நேர்மை! அதை வாங்கிக்கொண்டு பொய்யைத் திருப்பிக் கொடுப்பதா?

"என்னால போட முடியாது சாமி."

"ஏனுங்க்கா?"

"நான் அவரை நேர்ல பாத்து அஞ்சு வருசமாச்சு." சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினாள். "அவருதான் பெருமாள். என் ஊட்டுக்காரரு. கேள்வியெல்லாம் நான் எழுதுனதுதான்."

ஜேசுதாஸ் படத்தைப் பார்த்தான். எழுந்து அதனருகே போய் நின்றான். "லினக்ஸே வேண்டாம்னு தூக்கிப் போட இருந்தேனுங்க. அந்த மனுசன் அசராமக் கேக்கறதப் பாத்துத்தான் விடாம இருந்தேன். காலைல எந்திரிச்சா அவரு கடுதாசி வந்திருக்கான்னுதான் பாப்பேன்."

"நானுந்தான் கண்ணு," என்றாள் அவள்.

அதற்கு மேல் கோபப்பட அவனால் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"நீங்க சரஸ்வதிதான். முகம் சரி, கார்டு சரி, நம்பர் சரி. நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆவோணும். ஆனா உறுப்பினராச் சேத்துக்கறது என் கையில மட்டும் இல்லீங்க. முந்நூறு பேரும் அவரை அண்ணன்னு கூப்பிட்டாங்க. அவங்களுக்குத் தெரியோணும்."

"நானே எழுதறேன்."

"என்னன்னு எழுதுவீங்க?"

"செத்துப் போயிட்டாருன்னு."

ஐந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரே சேர்ந்து தூக்கிக்கொண்டு போனபோதுகூடச் சொல்லாதவள். இப்போது முகம் தெரியாத முந்நூறு பேருக்கு எழுதி, இரண்டாவது முறையாக அவரை அனுப்பிவைக்கப் போகிறாள். இந்தத் தடவை தோள் கொடுக்க யாரும் இல்லை.

சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஜேசுதாஸ் பையை எடுத்தான். வாசல்வரை போனவன் நின்றான். "எழுதறப்போ... அந்தக் கேள்வியால எத்தனை பேரு வந்தாங்கன்னும் எழுதுங்க்கா. இல்லைன்னா நான் எழுதுவேன்."

அவள் தலையை அசைத்தாள்.

"உள்ள போங்க. பனி வருது."

அவன் இறங்கி நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் மூடுபனி அவனை வாங்கிக்கொண்டது. பஸ் உறுமிப் புறப்பட்டு முதல் வளைவில் திரும்பும் சத்தம் அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.